சின்னக் கார்ப் பந்தயமும் அதன் சட்டதிட்டங்களும்

மனிதன் எதைக் கண்டுபிடித்தாலும் அதைக் கொண்டு பந்தயம் விடாமல் இருந்ததில்லை. குதிரையைப் பழக்கினான், குதிரைப் பந்தயம் வந்தது. மாட்டை வண்டியில் பூட்டினான், ரேக்ளா வந்தது. மோட்டார் காரைச் செய்தான். அது சாலையில் ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்கு முன்பே யாருடைய கார் முந்தும் என்ற கேள்வி எழுந்துவிட்டது. அந்தக் காரையே உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, உள்ளே ஒரு மின் மோட்டாரையும் வைத்துவிட்ட பிறகு அவன் சும்மா இருப்பானா? இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் வயது வந்த ஆண்களும் பெண்களும் ஓரிடத்தில் கூடி விடுகின்ற ‘ஸ்லாட் கார்’ பந்தயம் அவ்வாறு பிறந்ததேயாகும்.

பொம்மைக் கார் ஓட்டுவதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பந்தயத்தை நடத்தும் கிளப்புகள் எழுதி வைத்திருக்கும் சட்டதிட்டங்களை ஒருமுறை படித்தால், அரசியல் விஞ்ஞான வகுப்பில் நாம் கேட்கும் பல கேள்விகள் அங்கே ஒரு மேசையின் மீது ஓடிக்கொண்டிருப்பது தெரியும். சமத்துவம் என்பது எது? எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுப்பதா, ஒரே வாய்ப்பைக் கொடுப்பதா? எதிராளியின் கையில் நம் வெற்றி தோல்வியை ஒப்படைக்கலாமா? இவற்றுக்கு அவர்கள் கண்டிருக்கும் விடைகள் சுவையானவை.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். மரப்பலகையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு பந்தயப் பாதை. அதில் தச்சர்கள் ‘காடி’ என்று சொல்வார்களே, அதுபோன்ற ஒடுங்கிய பிளவு நெடுகிலும் வெட்டப்பட்டிருக்கும். காடியின் இரு மருங்கிலும் பின்னிய செப்பு நாடாவோ எஃகுத் தகடோ பதிக்கப்பட்டிருக்கும். காரின் முன்பக்க அடியில் ஒரு சிறு நாக்கு தொங்குகிறது. அது காடிக்குள் இறங்கிக் காரை வழிநடத்துகிறது. நாக்கின் இருபுறமும் உள்ள செப்பு இழைக் குஞ்சங்கள் நாடாவைத் தொட்டுக்கொண்டே சென்று மோட்டாருக்கு மின்சாரத்தை ஊட்டுகின்றன. ஏறக்குறைய 12 வோல்ட் அழுத்தம், தொட்டாலும் ஆபத்தில்லை. ஓட்டுபவர் கையில் துப்பாக்கிக் குதிரை போன்ற ஒரு விசை. அதற்குள் இருப்பது நம் இயற்பியல் ஆய்வகத்தில் காணும் ரியோஸ்டாட்டின் தம்பிதான். விசையை அழுத்த அழுத்த மின்தடை குறைந்து கார் விரைகிறது.

காருக்கு ஸ்டியரிங் கிடையாது. பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓட்டுபவருக்கு இல்லை. அவர் கையில் இருப்பது வேகம் ஒன்றுதான். அப்படியானால் திறமை எங்கே வருகிறது என்று கேட்கலாம். வளைவில்தான்! நேர்பாதையில் யார் வேண்டுமானாலும் விசையை இறுக்கிப் பிடிக்கலாம். வளைவு வரும்போது எந்த இடத்தில் விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது மறுபடி அழுத்துவது என்பதில் விநாடியின் சிறு பகுதி தவறினாலும் நாக்கு காடியை விட்டுக் கிளம்பிக் கார் பறந்துவிடும். பிரேக்கும் உண்டு, ஆனால் அது சக்கரத்தில் இல்லை. விசையை முற்றிலும் விட்டவுடன் மோட்டாரின் இரு முனைகளும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணமே டைனமோவாக மாறி, தான் உண்டாக்கிய மின்சாரத்தாலேயே தன்னைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. லென்ஸ் விதியை மனப்பாடம் செய்து தேர்வு எழுதும் நமக்கு, அதை விரல் நுனியில் உணர இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொம்மை ரயிலுக்குப் பெயர் பெற்ற அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912 ஆம் ஆண்டிலேயே மின்சாரத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்களை விற்றது, அது நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் மினிமாடல்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய பிரெட் பிரான்சிஸ் என்ற பொறியாளர் 1952 இல் சுருள்வில்லால் ஓடும் ‘ஸ்கேலெக்ஸ்’ என்ற தகரக் கார்களைக் கொண்டுவந்தார். பின்னர் அதே வகைக் கூட்டுக்குள் மின் மோட்டாரை வைத்து, ரப்பரால் ஆன பாதையில் ஓடவிட்டு, 1957 இல் ஹாரோகேட் நகரப் பொம்மைக் கண்காட்சியில் மக்கள் முன் வைத்தார். ஸ்கேலெக்ஸ் என்பதோடு எலெக்ட்ரிக் என்பதன் வாலைச் சேர்த்து ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்று பெயர் சூட்டினார். அடுத்த ஆண்டே லைன்ஸ் சகோதரர்கள் என்ற பெரிய பொம்மை நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது. 1960 இல் தகரம் போய் பிளாஸ்டிக் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அரோரா நிறுவனம் இன்னும் சிறிய கார்களை விற்கத் தொடங்கியது. 1963 இல் ஜெர்மனியில் கரேரா வந்தது. இன்று பெரும்பாலும் 1/24, 1/32, 1/64 ஆகிய அளவுகளில் இக்கார்கள் உள்ளன. ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1/32 அளவில் 14 சென்டிமீட்டராகச் சுருங்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாம் கவனிக்க வேண்டிய கதை 1960களின் நடுவில் அமெரிக்காவில் நடந்தது. ஊருக்கு ஊர் பெரிய பந்தயக் கூடங்கள் திறக்கப்பட்டன. எட்டுத் தடங்கள் கொண்ட பெரும் பாதைகள்; மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பள்ளிச் சிறுவர்கள் கடையில் வாங்கிய காரை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஆயிரக்கணக்கான கூடங்கள் இருந்த நிலை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சரிந்துவிட்டது. காரணங்கள் பல. தேவைக்கு மேல் கூடங்கள் திறந்ததும், புதுமை மோகம் தணிந்ததும் அவற்றுள் சேரும். ஆயினும் அந்நாள் ஆர்வலர்கள் மீண்டும் மீண்டும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. வேகத்துக்கு வரம்பே இல்லாமற் போயிற்று. மோட்டாரின் கம்பிச் சுற்றைப் பிரித்துப் புதிதாகச் சுற்றியவர்கள், வலுவான காந்தம் வைத்தவர்கள், சட்டகத்தைப் பித்தளைக் கம்பியால் தாமே பற்றவைத்தவர்கள் ஒரு பக்கம். கடையில் வாங்கிய காரை அப்படியே கொண்டுவந்த சிறுவன் மறுபக்கம். அவன் ஒரு சுற்று முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டு சுற்று போய்விடுவார்கள். இரண்டு வாரம் வந்து பார்ப்பான். மூன்றாம் வாரம் வரமாட்டான். அவன் வராத கூடத்துக்கு வாடகை எங்கிருந்து வரும்?

அந்த வேகம் எங்கே போய் நின்றது என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் ‘கிங்’ என்று பெயர் பெற்ற பெரிய பாதையின் நீளம் 155 அடி. பக்கவாட்டில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் இறக்கைத் தடுப்புகள் வைத்த கார்கள் அதனை 2 விநாடிக்கும் குறைவான நேரத்தில் சுற்றிவிடும். அதாவது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல்! கார் 24 இல் ஒரு பங்கு என்பதால் இதை 24 ஆல் பெருக்கி, ஒலியை மிஞ்சிய வேகம் என்று பெருமை பேசுவோரும் உண்டு. காரைச் சுருக்கினோமே தவிரக் காலத்தைச் சுருக்கவில்லை. எனவே அந்தப் பெருக்கலை ஒரு வேடிக்கையாகக் கொள்வதே நன்று. கண்ணால் தொடர முடியாத அந்தக் கார்களுக்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல்நாள் வந்தவர் கையில் அதைக் கொடுக்க முடியாது.

கிளப்புகளின் சட்டங்கள் இந்த அனுபவத்திலிருந்து எழுந்தவை என்றே நான் கருதுகிறேன். அவற்றின் முதல் வேலை வகுப்புப் பிரிப்பது. அமெரிக்க வழக்கில் ‘குரூப் 12’ என்றால் மோட்டாரின் ஆர்மெச்சூர் எப்படி இருக்க வேண்டும் என்பது கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். ‘குரூப் 7’ என்றால் ஏறக்குறைய எல்லாம் திறந்த வாசல். சிறிய கிளப்புகளிலோ இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. கடையில் வாங்கிய நிலையில் ஓட்டுவது ஒரு வகுப்பு, டயர் மட்டும் மாற்றலாம் என்பது இன்னொரு வகுப்பு, எல்லாம் மாற்றலாம் என்பது மூன்றாவது. புதியவர் முதல் வகுப்பில் தொடங்கிக் கைப்பழக்கம் வந்தபின் மேலே ஏறலாம்.

கடையில் வாங்கியபடியே ஓட்டுவது என்றால் எல்லோரும் சமம் ஆகிவிடுவார்கள் அல்லவா? இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரே பெட்டியில் வரும் பத்து மோட்டார்களைச் சோதித்தால், பத்தும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. பணம் உள்ளவர் பத்தும் வாங்கி, நிமிடச் சுழற்சியை அளந்து, சிறந்த ஒன்றை வைத்துக்கொள்வார். சட்டப்படி அவர் காரில் ஒரு குற்றமும் காண முடியாது. இதற்குக் கிளப்புகள் கண்ட மாற்று, மோட்டாரைக் கிளப்பே வைத்துக்கொண்டு பந்தயத்தன்று குலுக்கல் முறையில் கொடுப்பது. முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. இன்னும் ஒரு படி மேலே போய், காரையே கிளப் கொடுத்துவிடும் முறையும் உண்டு. நான்கு தடங்களுக்கு நான்கு கார்கள். கார் தன் தடத்தை விட்டு மாறாது. ஓட்டுபவர்கள்தாம் தடத்துக்குத் தடம் மாறுவார்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொருவரும் நல்ல காரையும் ஓட்டுவார், மோசமான காரையும் ஓட்டுவார். நல்ல தடத்திலும் ஓடுவார், கடினத் தடத்திலும் ஓடுவார். மிச்சம் நிற்பது கையின் திறமை ஒன்றே. எனக்கு இம்முறை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் சொந்தக் காரைக் கழற்றி மாட்டுவதில்தான் பாதி இன்பமே என்று சொல்லும் உறுப்பினர்களுக்கு இது பிடிப்பதில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது காந்தம். காரின் அடியில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிவிட்டால் எஃகுத் தகடு பதித்த பாதையில் அது காரைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 1970களில் அரோரா நிறுவனமே இதைத் தன் கார்களில் பயன்படுத்தியது. குழந்தைகளுக்கு இது பெரும் வரம். கார் அடிக்கடி விழாது. ஆனால் பழகியவர்களுக்குச் சாபம். வளைவில் பின்பக்கம் மெல்லச் சறுக்கி, இதோ எல்லை வந்துவிட்டது என்று எச்சரிக்கும் அழகு காந்தக் காரில் இல்லை. ஒட்டிக்கொண்டே போகும், எல்லை கடந்ததும் ஒரேயடியாகப் பிடி விட்டுத் தெறிக்கும். ஆகவே பல கிளப்புகள் ‘காந்தம் கூடாது’ என்று ஒரே வரியில் சட்டம் எழுதின.

அந்த ஒரே வரி பட்ட பாடு கொஞ்சமன்று. மோட்டாருக்குள்ளேயே காந்தம் இருக்கிறதே! மோட்டாரின் கூடு அடியில் திறந்திருந்தால், அது பாதைக்கு மிக அருகில் அமைந்திருந்தால், அந்தக் காந்தமும் எஃகுத் தகட்டை இழுக்கத்தான் செய்யும். இது சட்ட விரோதமா? எழுத்தைப் பார்த்தால் தனிக் காந்தம் எதுவும் ஒட்டப்படவில்லை. நோக்கத்தைப் பார்த்தால் குற்றம்தான். சில கிளப்புகள் எந்தெந்த மோட்டார் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டன. வேறு சில, தராசின் தட்டில் எஃகுத் தகடு வைத்து அதன்மேல் காரை நிறுத்தி, எடைக்கு மேல் எவ்வளவு இழுவை இருக்கிறது என்று அளந்து, இத்தனை கிராமுக்கு மேல் கூடாது என்றன. மரப்பாதையில் செப்பு நாடா பதித்தவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. செம்பு காந்தத்துக்கு மசிவதில்லை.

இங்கே சட்டம் எழுதுவோருக்குள் இரு கட்சிகள் உண்டு. தடுக்கப்படாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது என்பது ஒரு கட்சி. வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது எல்லாம் தடுக்கப்பட்டது என்பது மறு கட்சி. முதற்கட்சியின் சட்டப் புத்தகம் சிறியதாகத் தொடங்கி, ஒவ்வொரு தந்திரத்துக்கும் ஒரு விதி சேர்ந்து ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகும். மறு கட்சியின் புத்தகம் தொடக்கத்திலேயே கடுமையானது. ஒரு திருகாணியை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். சண்டை குறைவாக இருப்பது இரண்டாவதில்தான். புதுமை பிறப்பது முதலாவதில்தான்.

டயர் விஷயமும் இப்படிப்பட்டதே. ரப்பர் டயரை மென்மையாக்கிப் பிடிப்பை அதிகமாக்க வின்டர்கிரீன் என்ற எண்ணெயைத் தடவும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. நம் வீட்டு வலித் தைலங்களில் வருகிற அதே மணம்தான். பந்தயக் கூடம் முழுவதும் அது வீசுமாம். ஒருவர் தடவினால் அவர் தடம் மட்டும் பாழாவதில்லை. தடத்தில் படிந்த பிசுக்கு அடுத்த முறை அத்தடத்தில் ஓடுபவரின் டயரையும் மாற்றிவிடும். ஆகையால் பல கிளப்புகளில் டயர் உலர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பந்தயத்துக்கு முன் கார்களைப் பரிசோதித்து ஒரு மேசையில் அடைத்து வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அழைப்பு வரும்வரை உரிமையாளரே தன் காரைத் தொடக் கூடாது.

இயந்திரம் ஒருவழியாகச் சமமாயிற்று, பாதை சமமா? எட்டுத் தடங்களில் ஓரத்தில் உள்ளவை இரண்டும் கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். உட்புறத் தடத்தில் வளைவு குறுகலானது; வெளிப்புறத்தில் தூரம் அதிகம். எனவே ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடத்திலும் சம நேரம் ஓட வேண்டும். தடத்துக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் என்று வைத்து, எல்லாத் தடங்களிலும் சேர்த்து அதிகச் சுற்று ஓடியவருக்கே வெற்றி. தடம் மாறும் வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஏறினால் எட்டாம் தடத்தில் இருந்தவர் ஒன்றாம் தடத்துக்கு, பாதையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, ஓட வேண்டிவரும். அதனால் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் ஏறி, 8, 6, 4, 2 என்று இரட்டைப்படையில் இறங்குகிறார்கள். இம்முறையில் எவரும் ஒருமுறைக்கு இரண்டு தடத்துக்கு மேல் தாண்ட வேண்டியதில்லை. தாளில் எழுதிப் பார்த்தால் இதன் அழகு விளங்கும்.

மின்சாரத்திலும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. எல்லாத் தடங்களுக்கும் ஒரே சிறிய மின்மாற்றி என்று வைத்துக்கொள்வோம். நான்கு கார்களும் இழுக்கும்போது அழுத்தம் தாழ்ந்திருக்கும். பக்கத்துத் தடத்துக் கார் விழுந்ததும் சுமை குறைந்து அழுத்தம் திடீரென்று உயரும். வளைவின் நடுவில் இருக்கும் நம் கார், நாம் விரலை அசைக்காமலே வேகம் பெற்றுப் பறந்துவிடும். பிறர் தவறுக்கு நாம் தண்டனை பெறுவது! இதற்காகவே தடத்துக்குத் தடம் தனி மின்வழங்கி வைக்கிறார்கள், அல்லது அழுத்தம் மாறாத பெரிய மின்வழங்கியை வைக்கிறார்கள். பழைய நாட்களில் மோட்டார் காரின் பேட்டரியை மேசையின் அடியில் வைத்து ஓட்டியதும் உண்டு. நீண்ட பாதையில் தொலைவிலுள்ள பகுதிகளுக்கு அழுத்தம் குறையாமல் இருக்க, கீழே தடித்த கம்பிகள் ஓடி ஆங்காங்கே நாடாவில் இணைகின்றன.

இனி எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதிக்கு வருகிறேன். கார் காடியிலிருந்து விழுந்தால் யார் எடுத்து வைப்பது? ஓட்டுபவர் தன் இடத்தை விட்டு நகர முடியாது. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நிற்கிறார். அவருக்கு மார்ஷல் என்று பெயர். அந்த மார்ஷல் யார்? சம்பளத்துக்கு வைத்த ஆள் அல்லர். அந்தச் சுற்றில் ஓடாமல் இருக்கும் போட்டியாளரே! அதாவது நம்மோடு கோப்பைக்குப் போட்டியிடுகிறவர்தான் நம் காரை எடுத்து வைக்க வேண்டும். அவர் அரை விநாடி தயங்கினாலும் நமக்கு நட்டம், அவருக்கு இலாபம். வேண்டுமென்றே தயங்கினாரா, கைதான் எட்டவில்லையா என்று எவராலும் நிரூபிக்க முடியாது.

இந்த இடத்தில் சட்டம் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருக்கிறது. தன் வளைவில் நிற்காத மார்ஷலுக்கு அவருடைய கணக்கிலிருந்து சுற்றுகள் கழிக்கப்படும். இரண்டு கார்கள் மோதி விழுந்தால், மோதப்பட்ட காரை முதலிலும் மோதிய காரைப் பின்னரும் வைக்க வேண்டும் என்பது பல கிளப்புகளின் விதி. காரை விழுந்த இடத்திலேயே, அதன் தடத்திலேயே வைக்க வேண்டும். முன்னே தள்ளி வைத்தால் அது தானம், பின்னே வைத்தால் திருட்டு. ஓட்டுபவர் மார்ஷலைப் பார்த்துக் கூச்சலிடக் கூடாது. இதற்கும் தண்டனை உண்டு. கார் பிறர் தடத்தில் ஏறிவிட்டாலோ, கைக்கெட்டாத இடத்தில் விழுந்தாலோ ‘டிராக்!’ என்று குரல் எழும். நடத்துநர் உடனே பாதை முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்துவார். இதையும் தவறாகப் பயன்படுத்த முடியும். தன் கார் விழுந்த ஆத்திரத்தில் ஒருவர் ‘டிராக்’ என்று கத்தினால் அனைவரும் நிற்க, அவர் மட்டும் நட்டமின்றித் தப்பிவிடுவார். ஆகவே யார் குரல் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பொய்க்குரலுக்குச் சுற்று கழிப்பு.

இத்தனை விதிக்குப் பிறகும் ஒரு இடைவெளி இருக்கிறது. மார்ஷலின் மனம் எந்த விதிக்கும் அகப்படாது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் அவர் ஓட்டுபவராகவும் நாம் மார்ஷலாகவும் மாறிவிடுவோம் என்பதை இருவருமே அறிவோம். எழுதிய சட்டத்தைவிட இந்த இடமாற்றமே பந்தயத்தை நேர்மையாக வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சிறந்த ஓட்டுநர்களுள் பலர் சிறந்த மார்ஷல்களாகவும் பெயர் பெறுவது தற்செயல் அன்று.

மோதல் பற்றியும் ஒரு வார்த்தை. தடம் வேறு வேறு என்பதால் கார்கள் இடித்துக்கொள்ள மாட்டா என்று எண்ணிவிடக் கூடாது. வளைவில் உட்புறக் காரின் வால் வெளியே வீசி, அடுத்த தடத்துக் காரைத் தட்டிவிடும். இதை இயல்பான பந்தய நிகழ்ச்சியாகவே பெரும்பாலோர் கொள்கிறார்கள். காடியை விட்டு வெளியே வந்த காரை விசையை விடாமல் ஓடவிட்டுப் பிறரைக் கவிழ்ப்பதுதான் குற்றம்.

2004 ஆம் ஆண்டில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் நிறுவனம் டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு சில்லு. ஒரே தடத்தில் பல கார்கள். பொத்தானை அழுத்தினால் குறிப்பிட்ட இடங்களில் தடம் மாறலாம். ஆறு கார்கள் இரண்டே தடங்களில் ஓட முடிகிறது. எரிபொருள் தீர்ந்ததாகக் கணக்கிட்டு நிறுத்தத்துக்குள் வரச்செய்யும் ஏற்பாடும் உண்டு. தடச் சமத்துவம் என்ற பழைய சிக்கல் இங்கே மறைந்துவிட்டது. ஏனெனில் தடமே ஒருவருக்கு உரியது அன்று. அதற்குப் பதில் புதிய சிக்கல்கள் வந்திருக்கின்றன. முன்னே செல்லும் மெதுவான கார் வழிவிட வேண்டுமா? தடம் மாறும் இடத்தில் குறுக்கே வந்து இடித்தால் குற்றம் மாறியவருடையதா, விட்டுக்கொடுக்காதவருடையதா? இதற்கு ஒரு கிளப் ஒரு விடை எழுதியிருக்கிறது. பக்கத்து ஊர்க் கிளப் நேர்மாறாக எழுதியிருக்கிறது. இரண்டு ஊரும் சேர்ந்து பந்தயம் வைக்கும் நாளில், முதலில் அரைமணி நேரம் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசிவிட்டுத்தான் மின்சாரத்தைப் போடுகிறார்கள்.